என்ஜின் அசெம்பிளியும் பேலன்சிங்கும்: எதை வீட்டில் செய்வது, எதை வெளியே கொடுப்பது?

கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டை) ஆட்டமில்லாமல் சுழலும்படி எங்கே பேலன்ஸ் பண்ணக் கொடுக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, என்ஜினை எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை ஓட்டப் போகிறீர்கள் என்பதைத்தான். 6000-க்குள் என்றால் பேச்சு ஒரு பக்கம் போகும், 7500 என்றால் வேறு பக்கம் போகும். பாதிப் பேரிடம் இதற்குப் பதில் இருக்காது, ஆனால் என்ஜினை இறக்கிப் பிரித்து மாடி அறையில் பரப்பி வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பந்தய வீரர் எஸ். கரிவர்தன் மாருதி 800-இன் என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியது இந்த ஊரில்தான், செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லேத் பட்டறையும் கிரைண்டிங் மிஷினும் பக்கத்திலேயே கிடைக்கும், பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் ரோட்டர் பேலன்சிங் செய்கிற இடங்களும் உண்டு. இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது மாருதி எஸ்டீமில் வந்த சுசூகியின் 16 வால்வு ஜி13பிபி. போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 75.5 மி.மீ., 1298 சிசி, அலுமினிய பிளாக்கில் வார்ப்பிரும்பு லைனர், அதாவது சிலிண்டரின் உள்ளுறை. கையில் தூக்குகிற எடை, பழகிய மெக்கானிக்குகள் நிறைய, நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கிற அமைப்பு. இந்தக் கடைசி விஷயம் பேலன்சிங்கில் எவ்வளவு பெரிய சலுகை என்று பின்னால் சொல்கிறேன்.

வழிகள் நான்கு. ஒன்று, பேலன்சிங்கே வேண்டாம், கம்பெனி பேலன்ஸ் பண்ணித் தந்தது போதும் என்று அப்படியே பூட்டுவது. இரண்டு, எல்லாமே வீட்டில், கிராங்க் பேலன்ஸ் உட்பட. மூன்று, போரிங் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), ஹோனிங் (அதன் உள்சுவரைத் தீட்டுவது), கிராங்க் பேலன்ஸ் மட்டும் வெளியே, மற்றபடி அளப்பது, எடை சமன் செய்வது, பூட்டுவது எல்லாம் வீட்டில். நான்கு, எல்லா உதிரியையும் பெட்டியில் போட்டு ஒரு நல்ல என்ஜின் பில்டரிடம் ஒப்படைப்பது. நான் மூன்றாவது கட்சி. ஆனால் மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, இரண்டாவதற்கு மட்டும் கொஞ்சம் குறைவு.

முதல் வழியைப் பலரும் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். அது தப்பு. கம்பெனியில் கிராங்கை மிஷினில் சுழற்றி பேலன்ஸ் செய்துதான் அனுப்புகிறார்கள். கிராங்கில் எதிரெடையாக இருக்கிற வெயிட்டின் ஓரத்தில் உள்ள டிரில் குழிகளைப் பார்த்தாலே தெரியும். அதே ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு), அதே கிராங்க், அதே ஃப்ளைவீல் (கிராங்கின் பின்முனையில் மாட்டுகிற கனமான சக்கரம்), கம்பெனி குறித்த உச்ச ஆர்பிஎம்மான ரெட்லைனைத் தாண்டப் போவதில்லை, தேய்ந்த பிஸ்டனுக்குப் பதில் ஒரே செட்டில் வாங்கிய ஓவர்சைஸ் பிஸ்டன் மட்டும் போடுகிறீர்கள் என்றால், பிஸ்டன் நான்கையும் எடை பார்த்துவிட்டுப் பூட்டுங்கள், மிச்சப் பணத்தை நல்ல ஹோனிங்குக்கும் நல்ல பேரிங்குக்கும் செலவிடுங்கள். பேலன்சிங் தன்னளவில் குதிரைத்திறனைக் கூட்டாது. அது பேரிங்குக்கு ஆயுள் தரும், உயர்ந்த ஆர்பிஎம்மில் நம்பிக்கையோடு மிதிக்க விடும், அவ்வளவுதான்.

ஆர்பிஎம் ஏன் இத்தனை முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சுழலும் எடை தள்ளுகிற விசை, எடை, ஆரம், சுழற்சி வேகத்தின் வர்க்கம் மூன்றின் பெருக்கல். ராடு மாட்டுகிற இடமான கிராங்க் பின் இருக்கிற ஆரம் ஸ்ட்ரோக்கில் பாதி, அதாவது 37.75 மி.மீ. அங்கே வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால் 3500 ஆர்பிஎம்மில் அது சுமார் 5 கிலோ எடையின் விசையோடு இழுக்கும், 7000-ல் சுமார் 20 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, இழுவை நான்கு மடங்கு. ஃப்ளைவீலில் இன்னும் மோசம்: நடுவிலிருந்து 100 மி.மீ. தள்ளி 5 கிராம் இருந்தாலே 7000-ல் 27 கிலோவுக்கு இழுக்கும். ஐந்து கிராம் என்பது ஒரு சின்ன போல்ட்.

பிஸ்டன் கதை வேறு, அது சுழலாமல் மேலும் கீழும் போய் வருகிறது. உச்சிப் புள்ளியில் நின்று திரும்புகிற அந்தக் கணத்தில், 7000 ஆர்பிஎம்மில், இந்த ஸ்ட்ரோக்கில், அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2500 மடங்குக்கு மேல். ஒரு கிராம் வித்தியாசம் அந்த இடத்தில் இரண்டரைக் கிலோவாகிவிடுகிறது. அதனால்தான் பிஸ்டனுக்குள் ஒரு கிராம் வித்தியாசம் இருந்தால் என்ன என்று கேட்கிறவர்களிடம் மறுபடியும் அதே கேள்வி, எத்தனை ஆர்பிஎம்?

இரண்டாவது வழிக்கு வருவோம். எல்லாம் வீட்டில். இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு இரண்டு சமமான கத்தி விளிம்புகளின் மேல் கிராங்கை உருள விட்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்கிறதா என்று பார்த்து, அங்கே டிரில் போட்டு எடை குறைத்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் கிராங்குக்கு இது போதாது. ஏன் என்பதற்கு டயர் கடைக்குப் போனால் போதும். வீல் பேலன்ஸ் பண்ணும்போது ரிம்மின் உள்பக்கம் ஒரு வெயிட், வெளிப்பக்கம் ஒரு வெயிட் என்று தனித்தனியாக ஒட்டுகிறார்கள் இல்லையா? கிராங்கும் அப்படித்தான், அதைவிட நீளம் வேறு. முன்முனையில் மேலே 10 கிராம் கூடுதல், பின்முனையில் கீழே 10 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி விளிம்பில் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து கிராங்க் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். பார்க்க அருமையாக இருக்கும். சுழற்றினால் முன்முனை மேலே இழுக்கும்போது பின்முனை கீழே இழுக்கும், கிராங்க் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு திசையில் ஆடும். இதை நிறுத்தி வைத்துப் பார்த்து எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது, சுழற்றித்தான் ஆக வேண்டும். ஃப்ளைவீல் மாதிரி மெல்லிய தட்டுக்குக் கத்தி விளிம்பு ஓரளவு சரிப்படும், கிராங்குக்குச் சரிப்படாது.

நான் வைத்திருக்கிற விதி இதுதான்: செய்து முடித்த பிறகு சரியாக வந்ததா என்று உங்களால் அளந்து பார்க்க முடிகிற வேலையை வீட்டில் செய்யுங்கள், அளக்க முடியாததை வெளியே கொடுங்கள். பிஸ்டன் எடையை அளக்கலாம், ரிங் இடைவெளியை அளக்கலாம், பேரிங் கிளியரன்ஸை (தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை) அளக்கலாம். கிராங்கின் இரண்டு முனை ஆட்டத்தை அளக்கிற சாதனம் வீட்டில் கிடையாது.

சரி, மூன்றாவது வழி. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் கை அதிகம் படுகிறது.

முதலில் எடை. சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும், அது போதாது. 0.1 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் அது எவ்வளவு எடை வரை தாங்கும் என்று பார்த்து, ராடு தாங்குகிறதை வாங்குங்கள். நான் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எடை போடுவேன், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு. விசிறி ஓடினால் கடைசி எண் நிற்காது, மூன்றும் ஐந்துமாக மாறி மாறிக் குதித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உதிரியையும் மூன்று தடவை வைத்து எடுத்து எழுதிக்கொள்வேன். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் தராசைத் திரும்பச் சமன் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை.

நான்கு பிஸ்டன், நான்கு பின் (பிஸ்டனை ராடோடு கோக்கிற உருளை), நான்கு ரிங் செட். அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுங்கள். கனமான பிஸ்டனுக்கு லேசான பின், லேசான பிஸ்டனுக்குக் கனமான பின் என்று மாற்றிப் போட்டுப் பார்த்தாலே வித்தியாசத்தில் பாதி போய்விடும். புதுச் செட்டாக இருந்தால்தான் இது, ஏற்கெனவே ஓடிப் பழகிய பிஸ்டனும் அதன் பின்னும் ஜோடி மாறக் கூடாது. அதற்கு மேல் மிச்சமிருப்பதைத்தான் செதுக்க வேண்டும். எல்லாவற்றையும் இருப்பதிலேயே லேசானதற்குக் கொண்டு வர வேண்டும். பிஸ்டனில் உலோகம் எடுக்க வேண்டிய இடம் பின் நுழைகிற திண்டின் உள்பக்கம், அடியில். பிஸ்டன் தலைக்கு நேர் கீழே தொடவே கூடாது, வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் இறங்குகிறது. அரை கிராமுக்குள் நான்கும் வந்துவிட்டால் போதும், அதற்குக் கீழே போவது மன திருப்திக்குத்தான்.

ராடு கொஞ்சம் நுணுக்கமான வேலை. மொத்த எடை ஒன்றாக இருந்தால் போதாது. ராடின் பெரிய முனை கிராங்கோடு சுழல்கிறது, சின்ன முனை பிஸ்டனோடு ஏறி இறங்குகிறது. இரண்டு ராடுகள் மொத்தத்தில் ஒரே எடையாக இருந்து, ஒன்றில் பெரிய முனை 5 கிராம் கனமாகவும் சின்ன முனை 5 கிராம் லேசாகவும் இருந்தால் என்ஜினுக்கு அவை வேறு வேறு ராடுகள்தான். அதனால் முனை முனையாக எடை போட வேண்டும். ஒரு முனையை உராய்வில்லாத சின்ன பால் பேரிங்கில் தொங்க விட்டு, மறுமுனையைத் தராசில் உட்கார வைத்து, ராடு மட்டமாகப் படுத்திருக்கும்படி உயரத்தைச் சரி செய்ய வேண்டும். மட்டம் தவறினால் எண் பொய் சொல்லும். பெரிய முனையின் எடையும் சின்ன முனையின் எடையும் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும். வராவிட்டால் உங்கள் ஜிக்கில், அதாவது ராடைத் தாங்குகிற அந்த அமைப்பில், எங்கோ உராய்கிறது. இந்தச் சரிபார்ப்பு கையில் இருக்கிறதால்தான் இதை வீட்டில் செய்யலாம் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

உலோகம் எடுப்பது பெரிய முனையில், அதைக் கிராங்கோடு சேர்த்துப் பூட்டுகிற தொப்பியின் அடித்திண்டிலிருந்து, சின்ன முனையில் உச்சித்திண்டிலிருந்து. நடுத்தண்டைத் தொட வேண்டாம். எமரி போட்டாலும் ராடின் நீளவாக்கில்தான் இழுக்க வேண்டும், குறுக்கே விழுகிற ஒரு கீறல்தான் நாளைக்கு விரிசல் தொடங்குகிற இடம். ராடுக்கும் அதன் தொப்பிக்கும் ஒரே எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தொப்பி இடம் மாறினால் அந்த ராடு வீண்.

இனி வெளியே கொடுக்கிற வேலை. நான்கு சிலிண்டர் வரிசை என்ஜினின் சலுகை என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. வி8 கிராங்கைப் பேலன்ஸ் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு கிராங்க் பின்னிலும் பிஸ்டன், ராடு எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்த பாப் வெயிட் மாட்டித்தான் சுழற்ற வேண்டும். நம்முடைய கிராங்கில் ஒன்றும் நான்கும் மேலே இருந்தால் இரண்டும் மூன்றும் கீழே. உதிரிகள் சம எடையாக இருக்கும் வரை அவை தங்களுக்குள்ளேயே சமன் ஆகிவிடும். அதனால் வெறும் கிராங்கைச் சுழற்றினாலே போதும். இதன் பலன், பந்தய என்ஜின் கடையாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பம்ப் ரோட்டர் பேலன்ஸ் செய்கிற நல்ல இடமே நம் கிராங்கையும் செய்து தரலாம். முனையில் இருக்கிற மெயின் ஜர்னல்களை (பேரிங்கில் சுழல்கிற வழவழப்பான பகுதிகளை) ரோலரில் உட்கார வைக்கிறார்களா, ஜர்னலில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறார்களா, எந்த இடத்தில் டிரில் போடலாம் என்று உங்களைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். வெயிட்டின் வெளி ஓரத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

எவ்வளவு துல்லியம் கேட்பது? ரோட்டர் கடைகளில் ஜி 6.3, ஜி 2.5 என்று பேலன்ஸ் தரம் சொல்வார்கள், எண் சிறிதானால் துல்லியம் அதிகம். கிராங்க் 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், 7000 ஆர்பிஎம்முக்கு ஜி 6.3 என்பது மொத்தம் 86 கிராம்-மில்லிமீட்டர், முனைக்கு 43. அதாவது 40 மி.மீ. ஆரத்தில் ஒரு முனைக்கு ஒரு கிராம் வரை மிச்சம் இருக்கலாம். தெருவுக்கும் பொழுதுபோக்கு டிராக் ஓட்டத்துக்கும் இது நல்ல அளவு. பந்தயத்துக்கு ஜி 2.5 கேளுங்கள், செய்து தருவார்கள். எது கேட்டாலும் சரி, செய்வதற்கு முன்னும் பின்னும் மிஷின் காட்டிய எண்ணை எழுதி வாங்குங்கள்.

தனியாகக் கிராங்கை மட்டும் முடித்துக்கொண்டு வராதீர்கள். என்னுடைய முதல் என்ஜினில் அந்தத் தப்பைச் செய்தேன். கிராங்க் அருமையாக வந்திருந்தது, லேசாக்கிய ஃப்ளைவீலையும் வேறு கிளட்ச் கவரையும் அப்படியே பூட்டினேன், 5000-க்கு மேல் கியர் லீவரே நடுங்கியது. பிறகு கழற்றிச் சுழற்றியபோது ஆட்டம் முழுவதும் பின்பக்கத்தில்தான் இருந்தது. முதலில் வெறும் கிராங்க், அப்புறம் முன்புல்லியை மாட்டி, அப்புறம் ஃப்ளைவீலை மாட்டி, கடைசியில் கிளட்ச் கவரை மாட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சுழற்றச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்த்த உதிரியில் இருந்துதான் ஒவ்வொரு முறையும் உலோகம் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் நாளைக்கு ஃப்ளைவீலை மாற்ற நேர்ந்தால் அதை மட்டும் பேலன்ஸ் செய்தால் போதும், என்ஜினை மறுபடி பிரிக்க வேண்டாம். ஃப்ளைவீலும் கவரும் எந்த நிலையில் மாட்டினீர்கள் என்று பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு அதிர்வு போகாது. பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் போவதால் வருகிற இரண்டாம் நிலை அதிர்வு அது, கிராங்கின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் மேலும் கீழும் குலுக்கும். சிலிண்டருக்கு 400 கிராம் ஏறி இறங்குகிறது என்று வைத்தால் 7000-ல் அந்த விசை ஒரு டன்னை நெருங்கும். பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் இதற்குத்தான் எதிரெதிராகச் சுழலும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளைக் கண்டுபிடித்தார், மிட்சுபிஷி 1970-களில் அதை எடுத்து ஓட்டிக் காட்டியது. நம் 1300-ல் அது கிடையாது. அதனால் பேலன்ஸ் செய்த பிறகும் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருந்தால் பட்டறைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம்.

அசெம்பிளியில் வீட்டுக்கும் பட்டறைக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் நேரம்தான். ஒரு பில்டர் ஒரு பேரிங்கை நான்கு முறை அளந்தால் அவர் வாடகை கட்ட முடியாது. நீங்கள் அளக்கலாம். ஆனால் அளப்பதற்குக் கருவி வேண்டும்: மைக்ரோமீட்டர், போர் கேஜ், டயல் கேஜ், ஃபீலர் கேஜ், நம்பகமான டார்க் ரெஞ்ச். ஒரே ஒரு என்ஜினுக்காக இவற்றையெல்லாம் புதிதாக வாங்கினால் பில்டர் கூலியைத் தாண்டிவிடும். இரவல் வாங்க ஆள் இருந்தால், அல்லது இன்னும் இரண்டு மூன்று என்ஜின் செய்யும் ஆசை இருந்தால்தான் மூன்றாவது வழி பணத்தில் கட்டுப்படியாகும். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அளவுகள் எல்லாம் 20 டிகிரி வெப்பத்துக்கு எழுதப்பட்டவை. 74 மி.மீ. அலுமினிய பிஸ்டன் 15 டிகிரி கூடுதல் சூட்டில் 0.025 மி.மீ. விரிந்துவிடும். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நாம் விடுகிற இடைவெளியே அந்த அளவில்தான் இருக்கிறது! மே மாத மதியத்தில் மொட்டை மாடி அறையில் பிஸ்டனை அளந்து, மறுநாள் விடியற்காலையில் லைனரை அளந்தால் இரண்டு எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஓர் இரவு முழுவதும் ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையில் ஒரே மூச்சில் அளந்து முடியுங்கள். பிஸ்டனைக் கையில் வெகு நேரம் பிடித்திருக்கவும் கூடாது.

ரிங் இடைவெளிக்குப் பழக்கத்தில் இருக்கிற கணக்கு, டர்போ இல்லாத என்ஜினில் ஒரு அங்குலப் போருக்கு ஆயிரத்தில் நான்கு அங்குலம். 74 மி.மீ. போருக்கு அது ஏறத்தாழ 0.30 மி.மீ. கூடுதலாகப் போனால் கொஞ்சம் அழுத்தம் கசியும், அவ்வளவுதான். குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டி, பிஸ்டனின் பள்ளத்தையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சந்தேகம் வந்தால் கூடுதல் பக்கம் நில்லுங்கள். பேரிங் கிளியரன்ஸுக்கு ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு, ஆனால் கம்பெனி மேனுவல் சொல்வதுதான் முதல். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தைப் பார்த்து கிளியரன்ஸைச் சொல்கிற மெழுகு இழை) வைத்துப் பார்க்கும்போது கிராங்கைச் சுற்றிவிடாதீர்கள், அந்த மெழுகு இழை தேய்ந்து பொய்யளவு காட்டும்.

போல்ட்டில் கவனம் வேண்டும். டார்க் ரெஞ்ச் காட்டுகிற முறுக்கில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது, மிச்சம்தான் பிடிமானம். எண்ணெய் போட்டதற்கும் போடாததற்கும், போல்ட்டோடு வந்த கிரீஸுக்கும் சாதா என்ஜின் ஆயிலுக்கும் பிடிமானம் மாறும். எந்த எண்ணெயைச் சொல்லியிருக்கிறார்களோ அதையேதான் தடவ வேண்டும். நீளும் வகை போல்ட்டுகளை, அதாவது டார்க் வைத்துப் பிறகு கோணம் திருப்புகிற வகையை, மேனுவல் தெளிவாக அனுமதித்தால் தவிர இரண்டாம் முறை போடாதீர்கள். உயர்ந்த ஆர்பிஎம்மில் ராடு போல்ட் போனால் பிளாக்கும் போகும். பேலன்சிங்குக்கும் நல்ல ராடு போல்ட்டுக்கும் நடுவில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் போல்ட்டைத்தான் வாங்குவேன்.

அப்புறம் சுத்தம். வீட்டு அசெம்பிளியில் அதிகம் உயிர் விடுவது பேரிங், அதற்குக் காரணம் பெரும்பாலும் தூசும் சீவலும். ஒரு முறை வெளியே ஒரு இடத்திலிருந்து திரும்பி வந்த கிராங்கின் ஆயில் துளைக்குள் பைப் கிளீனரை விட்டு இழுத்தபோது சுருள் சுருளாக இரும்புச் சீவல் வந்தது. டிரில் போட்ட சீவல். அப்படியே பூட்டியிருந்தால் முதல் நிமிடத்திலேயே பேரிங் கதை முடிந்திருக்கும். அதனால் எல்லா மிஷின் வேலையும் பேலன்சிங்கும் முடிந்த பிறகுதான் கடைசிக் கழுவல். சுடுதண்ணீர், சோப்பு, ஆயில் வழிகளுக்கு நீளமான பிரஷ், பிறகு காற்று, உடனே எண்ணெய். லைனரை ஈரமாக அரை மணி நேரம் விட்டால் நம் காற்றுக்குத் துரு பூத்துவிடும். வெள்ளைத் துணியால் லைனரைத் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும் கழுவிக்கொண்டே இருங்கள். பட்டறைகளில் கையைத் துடைக்க வைத்திருக்கிற பனியன் வேஸ்ட்டை உள்ளே கொண்டு வர வேண்டாம், அதன் நூல்பிசிறு ஆயில் பம்ப் வடிகட்டியில் போய் உட்காரும்.

நான்காவது வழியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். டர்போ போடுகிறீர்கள், பந்தயத் தேதி நெருங்குகிறது, வீட்டில் மூடி வைக்க ஒரு அறை இல்லை, கருவி இரவல் கிடைக்காது என்றால் பில்டரிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஏதாவது தவறினால் ஒரே ஆள் பொறுப்பு என்பது பெரிய நிம்மதி. மூன்றாவது வழியில் ஹோனிங் செய்தவர் ஒருவர், பேலன்ஸ் செய்தவர் ஒருவர், பூட்டியது நீங்கள். பேரிங் போனால் யார் காரணம் என்று யாருக்கும் தெரியாது. பில்டரிடம் போகிறவர்கள் கிளியரன்ஸ், ரிங் இடைவெளி, எடை எல்லாவற்றையும் எழுதிய தாளை என்ஜினோடு கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவர் அளக்காமல் பூட்டியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். சாலையில் ஓட்டுகிற வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், வண்டியின் பதிவு விவரம் மாறும்படி எதையும் மாற்ற அது இடம் தராது.

இவ்வளவும் நான்கு சிலிண்டருக்கு. இப்போது என் மேசையில் இருப்பது மாருதி 800-இன் 796 சிசி என்ஜின், மூன்று சிலிண்டர், 120 டிகிரிக்கு ஒன்றாகத் திரும்பிய கிராங்க். அதில் மேல்கீழ் விசைகள் சமன் ஆகிவிடும், ஆனால் முன்முனையும் பின்முனையும் மாறி மாறித் தூக்குகிற ஆட்டம் மிச்சம் இருக்கும், கிராங்க் வெயிட்டுகளை அதற்காகக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். வெறும் கிராங்கை ரோட்டர் கடையில் கொடுத்து, மிஷின் பூஜ்யம் காட்டும் வரை டிரில் போடச் சொன்னால் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடுவார்கள், பாப் வெயிட் மாட்டித்தான் சுழற்ற வேண்டும். அதனால் பிஸ்டன், ராடு எடையை மட்டும் நான் மேசையில் முடித்து, எண்களை ஒரு தாளில் எழுதி, கிராங்கையும் ஃப்ளைவீலையும் அந்தத் தாளோடு ஒரு பில்டரிடம் அனுப்புகிறேன்.